மயில் போட்ட வெப்சைட்

ஆற்றங்கரைக் காட்டில் மருதப்பன் என்றொரு முள்ளம்பன்றி இருந்தார். மற்றவர் காலில் தைத்த முள்ளை எடுப்பதுதான் அவர் வேலை. உடம்பெல்லாம் முள்ளை வைத்துக்கொண்டு ஊரார் முள்ளை எடுக்கிறாரே என்று சிரிக்காதீர்கள். கை அவ்வளவு பூப்போல! தொட்டதே தெரியாது, முள் வெளியே வந்திருக்கும்.

போன வருஷம் காட்டுத்தீயில் அவருடைய வளை எரிந்துபோனது. கிழக்கே டவர் குன்றின் அடியில் புது வளை தோண்டினார். இடம் மாறினால் நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா? சிங்காரம் என்ற மயிலிடம் சொல்லி ஒரு வெப்சைட் போட்டார்.

மயிலிடம் வேலையைக் கொடுத்தால் என்ன வரும்? தோகைதான் வரும். பக்கத்தைத் திறந்ததும் ஒரு தோகை மெல்ல விரியும். அதில் கண் ஒவ்வொன்றாகத் திறக்கும். கூடவே நாதஸ்வரம். அப்புறம் திரை கொள்ளாத பெரிய போட்டோ. மருதப்பனின் பேர், தொழில், வழி எல்லாம் அந்தப் போட்டோவுக்குள்ளேயே பூவேலை எழுத்தில் வரைந்திருந்தான். தலைப்பு மட்டும் தனியாக: 'வருக வருக'.

மருதப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் எழுந்ததும் அதைத்தான் திறந்து பார்ப்பார். தலைக்கு மேலேயே டவர். தினமும் பார்த்த பக்கம் என்பதால் அவர் போனிலேயே பதிந்தும் கிடந்தது. கண் மூடித் திறப்பதற்குள் தோகை விரிந்துவிடும். ஆனால் வளைக்கு வந்தவர்கள் அக்கம்பக்கத்தார் மட்டும்தான்.

அந்தக் கோடையில் மேற்குக் காட்டில் வடிவு என்ற புள்ளிமானின் குட்டிக்குக் குளம்பிடுக்கில் கருவேல முள் ஏறிவிட்டது. அங்கே தண்ணீர் வற்றிவிட்டதால் ஐந்து நாளில் மான் கூட்டம் மலைக்குக் கிளம்புகிறது. நடக்க முடியாத குட்டியை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். சிறுத்தை அதற்காகவே அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தது.

தேடல் காகத்தைக் கேட்டாள். காட்டிலுள்ள வெப்சைட்டையெல்லாம் படித்து வைத்துக்கொண்டு, கேட்டவருக்கு வழி சொல்வது அந்தக் காகத்தின் வேலை. முள் எடுப்பவர் யார் என்று கேட்டால், மரத்தில் புழு எடுக்கிற மரங்கொத்தியின் பேரைச் சொன்னது. கடைசியில் ஒரு கொக்குதான் மருதப்பனின் வெப்சைட் முகவரியைக் கொடுத்தது. திறந்தாள். மேற்குக் காட்டில் சிக்னல் ஒரே ஒரு கோடு. தோகையில் ஒரு கண் திறந்து, அப்படியே நின்றுவிட்டது.

எவ்வளவு நேரம்தான் காத்திருப்பாள்? போனைக் குட்டியிடம் கொடுத்தாள். தங்கையைக் காவலுக்கு வைத்தாள். வழியில் பார்த்தவரையெல்லாம் கேட்டுக் கேட்டு நடந்து, மறுநாள் மதியம் மருதப்பனின் வளை வாசலில் மூச்சு வாங்க வந்து நின்றாள்.

மருதப்பன் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார். அந்த விஷயத்தில் மனுஷன் தங்கம்தான். ஆனால் வழியெல்லாம் புலம்பல். வழியைத்தான் வெப்சைட்டில் போட்டிருக்கிறேனே, பார்த்திருந்தால் ஒரு நாள் மிச்சமாகியிருக்குமே என்று. வடிவு நடையைக் கூட்டினாள். உதவிக்கு வருகிறவரிடம் குறை சொல்வானேன் என்று விட்டுவிட்டாள்.

குட்டி புதரடியில் கிடந்தது. கால் வீங்கியிருந்தது. எதிரே போன்.

"அம்மா, இன்னொரு கண் திறந்துருச்சு. இன்னும் எத்தனை திறக்கணும்?" என்றது.

மருதப்பன் எட்டிப் பார்த்தார். அவருடைய வெப்சைட்தான். முந்தாநாளிலிருந்து இரண்டே கண். உட்கார்ந்து முள்ளை எடுத்தார், சீழைப் பிதுக்கினார், பச்சிலை வைத்துக் கட்டினார். கட்டி முடித்ததும் அந்தப் போனைக் கையில் எடுத்து, பாதியில் நின்ற தோகையையே பார்த்தார்.

இரண்டு நாள் கழித்துக் கூட்டம் கிளம்பியபோது குட்டியும் நொண்டி நொண்டி நடந்தது. வடிவு, கட்டு மாற்ற அங்கேயே தங்கியிருந்த மருதப்பனிடம் வந்தாள்.

"ஐயா, நீங்க நல்லா இருக்கணும். என் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துட்டீங்க," என்றாள்.

"நான்தாம்மா உனக்கு நன்றி சொல்லணும். நீ கூட்டிக்கிட்டு வரலைன்னா, என் பக்கம் இங்க திறக்கலைன்னு சாகிற வரைக்கும் எனக்குத் தெரிஞ்சிருக்காது," என்றார் மருதப்பன்.

திரும்பும் வழியில் காகத்தைப் பிடித்து, என் பேரை ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

"படத்துக்குள்ள எழுதினா எனக்குப் படிக்க வராதுங்க. உங்க பக்கத்துல நான் படிச்சது 'வருக வருக' மட்டும்தான். இந்தக் காட்டுல நானூறு பேர் அதையேதான் போட்டிருக்காங்க. அதுல முள் எடுக்கிறவர் நீங்கன்னு நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?" என்றது காகம். திறக்கவே நேரமாகிற பக்கத்தைக் கடைசியில்தான் சொல்வேன் என்றும் சேர்த்துச் சொன்னது.

தோகையை எடு என்றதும் சிங்காரத்துக்கு முகம் தொங்கிவிட்டது. நீ அழகாகத்தான் செய்தாய், வலியோடு வருகிறவனுக்கு அதைப் பார்க்க நேரமில்லையப்பா என்று மருதப்பன் தட்டிக்கொடுத்தார். தோகை போனது. நாதஸ்வரம் போனது. போட்டோ உள்ளங்கை அளவுக்குச் சுருங்கியது. தலைப்பு 'கால் முள் எடுக்குமிடம், டவர் குன்று, கிழக்குக் காடு' என்று மாறியது. வழியை வெறும் எழுத்தில் நாலே வரியில் எழுதினார்கள். அத்தோடு விட்டாரா? மேற்குக் காட்டுக்கே மறுபடி நடந்துபோய், ஒரு கீரியின் போனை வாங்கி, அந்த ஒற்றைக் கோட்டுச் சிக்னலில் திறந்து பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்பினார்.

நாலு நாள் போயிருக்கும். ஆற்றுப் பக்கமிருந்து ஒரு முயல் மூன்று காலில் தத்தித் தத்தி வந்தது. முள் தைத்து எத்தனை நாளாச்சு என்று மருதப்பன் கேட்டார்.

"இப்பத்தாங்க குத்துச்சு. காகத்தைக் கேட்டேன், உடனே உங்க பேரைச் சொல்லுச்சு," என்றது முயல்.

மருதப்பன் குனிந்து பார்த்தார். முள்ளைச் சுற்றி ரத்தம்கூடக் காயவில்லை. அவர் கண் கலங்கியது. மான் கூட்டம் போன மலையின் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, முயலின் காலை மடியில் வைத்துக்கொண்டார்.

தேடி வருகிறவர் நிற்கும் இடத்தில் போய் நின்று பார்த்தால்தான், நம் வாசல் திறந்திருக்கிறதா என்பது நமக்குத் தெரியும்.