பீப்பாயில் முதலில் தண்ணீர்

குருவுக்கு வயது பத்தொன்பது. சீடருக்கு அறுபது முடியப் பன்னிரண்டு நாள் பாக்கி.

குருவின் பெயர் மோனிஷா. பிளஸ் டூவில் கெமிஸ்ட்ரியில் ஃபெயில். மறுபடி எழுதவில்லை. எழுதப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். பகலில் உடுமலையில் ஒரு ஸ்கூட்டர் ஷோரூமில் வேலை. மற்ற நேரமெல்லாம் வீட்டு மாடியில் இஞ்சி சோடா.

மாடியில் தகரக் கூரை போட்ட ஓர் அறை. அதில் ஒரு பழைய ஃபிரிட்ஜ், மூன்று எஃகுப் பீப்பாய், ஒரு சோடா கேஸ் சிலிண்டர். இஞ்சியையும் நாட்டுச் சர்க்கரையையும் நாலு நாள் புளிக்க வைக்க வேண்டும். பிறகு வடிகட்டிப் பீப்பாயில் அடைத்து, கேஸ் ஏற்றி, குளிர வைக்க வேண்டும். குழாயைத் திறந்தால் நுரையோடு வரும். விற்பதில்லை. வந்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு டம்ளர்.

போதை கிடையாது. கீழ்வீட்டுக்காரர் ஒரு முறை சந்தேகப்பட்டு மாடி ஏறி வந்தார். இரண்டு டம்ளர் குடித்தார். சந்தேகம் இன்னும் தீரவில்லை என்று மூன்றாவது கேட்டார்.

சீடரின் பெயர் கனகசபாபதி. கெமிஸ்ட்ரி வாத்தியாராக இருந்து போன வருஷம் விருப்ப ஓய்வு வாங்கியவர். மோனிஷா ஃபெயிலான கெமிஸ்ட்ரி அவர் எடுத்ததுதான்.

ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு புதுமனைப் புகுவிழாவில் அவள் சோடாவைக் குடித்தார். மறுநாளே மாடி ஏறி வந்துவிட்டார்.

"இதை எனக்குக் கத்துக்குடும்மா."

"சரிங்க சார்."

"நீ என் கிளாஸ்லயா இருந்தே? மூஞ்சி ஞாபகமே வரலையே."

"நான் கிளாஸ்ல அதிகமா இல்லைங்க சார்."

"ஓ, லீவு போடற கேஸா?"

குரு சிரித்தாள்.

சீடர் அவளிடம் இருப்பது போலவே பீப்பாய், சிலிண்டர், குழாய் எல்லாம் வாங்கினார். எல்லாமே அவளுடையதைவிடப் புதுசு, விலையும் கூட. ஆனால் சோடா வரவில்லை.

அன்று காலை காலிப் பீப்பாயைத் தோளில் சுமந்து கொண்டு வந்து தரையில் இறக்கினார். மூச்சு வாங்கியது.

"மூணாவது தடவையும் போச்சு."

"எப்படிங்க போச்சு?"

"முதல் தடவை பாட்டில் வெடிச்சது உனக்கே தெரியும். அடுப்படிச் சுவர்ல இன்னும் இஞ்சி ஒட்டிக்கிட்டிருக்கு. ரெண்டாவது தடவை பீப்பாய். ஊசிப்போன வாடை. இப்ப மூணாவது, மருந்து வாடை. என் வீட்டுக்காரி ஒரு வாய் குடிச்சிட்டு, 'இது யாருக்குங்க, காய்ச்சல் வந்தவங்களுக்கா?'ங்கறா."

குரு சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"சிரிக்காதே. பன்னெண்டு நாள்ல எனக்கு அறுபதாம் கல்யாணம். நூத்தி இருபது பேர் வர்றாங்க. பாதிப் பேர் என்கிட்ட படிச்சவங்க. என் கையால செஞ்ச சோடான்னு வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டேன். அதுக்குத் தண்டபாணி என்ன போட்டான் தெரியுமா? 'வர்றவங்க கையோட தண்ணி பாட்டில் கொண்டு வந்துருங்க'ன்னு போட்டான்."

தண்டபாணி அதே பள்ளியில் பிசிக்ஸ் வாத்தியார். முப்பது வருஷமாக இருவருக்கும் இதுதான் வேலை.

"கடையில கூல் டிரிங்க்ஸ் வாங்கிக்கலாமேங்க சார்."

"வாங்கலாம். அப்புறம் முப்பத்தொரு வருஷம் கெமிஸ்ட்ரி எடுத்தேன்னு எவன் கிட்டயும் வாயைத் திறக்க முடியாது."

ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். தினம் ஆறு வேளை மூடியைத் திறந்து எடுத்த கணக்கு. சூடு எவ்வளவு, புளிப்பு எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு. கட்டம் போட்டுச் சிவப்பு மையில் எழுதியிருந்தார்.

"இதுல எங்க தப்பு? அதை மட்டும் சொல்லு."

குரு நோட்டைத் திறக்கவே இல்லை. தான் குடிக்கும் தண்ணீர்க் கேனைத் தூக்கி அவருடைய பீப்பாய் நிறைய ஊற்றினாள். மூடினாள். குழாயில் வருகிற அளவுக்குக் கொஞ்சம் கேஸ் விட்டாள்.

"வீட்டுக்குக் கொண்டு போய் ஃபிரிட்ஜ்ல வைங்க சார். காலைல குழாயைத் திறந்து ஒரு டம்ளர் குடிங்க."

"வெறும் தண்ணியையா?"

"வெறும் தண்ணிதாங்க."

"அதுல எனக்கு என்ன தெரியப்போகுது?"

"தண்ணி தண்ணியா வருதான்னு தெரியும்."

சீடருக்கு எரிச்சல். ஆனாலும் தூக்கிக்கொண்டு போனார்.

மறுநாள் ஆறரை மணிக்கே படியேறி வந்தார். பீப்பாயும் வந்தது. முகம் கோணியிருந்தது.

"வந்துச்சுங்களா?"

"எடுத்ததும் இஞ்சி வாடை. அதுக்கடியில எலுமிச்சம்பழச் சோப்பு. விழுங்கினப்புறம் பழைய டயர்."

"ரெண்டு தடவை செஞ்சதும் உள்ளயேதான் இருக்குங்க சார்."

"நான் கழுவினேனே!"

"எப்படிக் கழுவினீங்க?"

"சோப்புத் தண்ணி ஊத்தி நல்லாக் குலுக்கிக் கவுத்து வெச்சேன். வேற எப்படிக் கழுவுவாங்க?"

"குழாயைக் கழட்டினீங்களா?"

"அது கழலுமா?"

குரு கேஸை வெளியேற்றிவிட்டு ஸ்பேனரை எடுத்தாள். குழாய் ஆறு துண்டாக வந்தது. ஸ்பிரிங் மேலும், நாலு ரப்பர் வாசர் மேலும் பழுப்பாக, பிசுபிசுவென்று ஏதோ படிந்திருந்தது. சீடர் குனிந்து முகர்ந்தார். உடனே நிமிர்ந்துவிட்டார்.

"சார், நம்ம லேப்ல டெஸ்ட் டியூப் யாருங்க கழுவினது?"

"ஆரோக்கியம். லேப் அட்டெண்டர். தங்கமான ஆள்."

"அவர் எப்படிக் கழுவுவாருங்க?"

"எப்படின்னா... கழுவுற மாதிரி கழுவுவார்."

"எங்க வெச்சுக் கழுவுவாரு?"

"வெளியே ஒரு தொட்டி இருக்கும். வராந்தா ஓரமா."

"நீங்க அங்க போயிருக்கீங்களா?"

"எனக்கு அங்க என்னம்மா வேலை? நான் கேட்டா டியூப் கைக்கு வரும். பளபளன்னு வரும்."

குரு ஒரு சின்ன பிரஷ்ஷை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். பக்கத்தில் ஒரு பக்கெட் வெந்நீர்.

சீடர் பிரஷ்ஷைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"இங்க பாரு. நான் கெமிஸ்ட்ரி கேட்டு வந்தேன். நீ என்னைப் பாத்திரம் தேய்க்கச் சொல்றே. இன்னும் பத்து நாள்தான் இருக்கு."

"பதினொண்ணு இருக்குங்க."

"உனக்கு விளையாட்டா இருக்கு."

எழுந்து படிவரைக்கும் போய்விட்டார். அப்போது போன் அடித்தது. மனைவி ருக்மணி. ஸ்பீக்கர் இல்லாமலே அந்த அம்மாள் குரல் மாடி முழுக்கக் கேட்டது.

"ஏங்க, கூல் டிரிங்க்ஸ்காரர் வந்து உட்கார்ந்திருக்கார். இன்னிக்குச் சொன்னாத்தான் அன்னிக்குச் சரக்கு வருமாம். சொல்லிரட்டுமா?"

சீடர் படியில் நின்றார். ஒரு காலை இறக்கினார். மறுபடி மேலே வைத்தார்.

"வேண்டாம்னு சொல்லு."

"நிஜமாவா? நூத்தி இருபது பேருங்க!"

"வேண்டாம்னு சொல்லு ருக்கு."

போனைச் சட்டைப் பையில் போட்டார். திரும்பி வந்து சப்பணமிட்டு உட்கார்ந்தார். பிரஷ்ஷை எடுத்தார்.

ஒரு வாசரைத் தேய்க்க அவருக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. குரு வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். மறுபடி தேய்த்தார். மறுபடி கொடுத்தாள்.

பிறகு இரண்டு கண்ணாடி டம்ளரை எடுத்தாள். ஒன்று அவளுடையது. இன்னொன்று அவர் வீட்டிலிருந்து கொண்டு வந்தது. இரண்டையும் தண்ணீரில் முக்கி எடுத்து வெளிச்சத்தில் கவிழ்த்துப் பிடித்தாள். அவள் டம்ளரில் தண்ணீர் ஒரே படலமாக வழிந்து போயிற்று. அவர் டம்ளரில் அங்கங்கே சொட்டுச் சொட்டாக ஒட்டிக்கொண்டு நின்றது.

"சொட்டு நின்னா அழுக்குங்க சார்."

"இது எனக்குத் தெரியும்!" சீடர் துள்ளினார். "எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா தண்ணி பரவாது. பதினொண்ணாம் கிளாஸுக்கு நானே எடுத்திருக்கேன். போர்டுல படம் போட்டு எடுத்திருக்கேன்."

"தெரியுங்க சார். இது உங்க டம்ளர்தான்."

சீடர் டம்ளரை வாங்கிக்கொண்டார். தேய்த்தபடியே கேட்டார்.

"உனக்கு இதெல்லாம் யாரு கத்துக்குடுத்தது?"

"முதல்ல தண்ணி வரட்டுங்க."

அடுத்த நாள் தண்ணீரில் இஞ்சி இல்லை, சோப்பு இல்லை. டயர் மட்டும் இருந்தது. குழாய்க்குப் போகிற டியூபை மாற்றினார்கள். அதற்கு அடுத்த நாள் டயரும் இல்லை, ஆனால் ஏதோ ஒன்று இருந்தது. என்னவென்று அவரால் சொல்ல முடியவில்லை. பீப்பாயின் மூடியைச் சுற்றி இருந்த பெரிய ரப்பர் வளையத்தை அவரே கழற்றினார். யாரும் சொல்லவில்லை.

அன்று பீப்பாயை வீட்டுக்குக் கொண்டு போகவில்லை. மறுநாள் காலை மாடியிலேயே, குரு முன்னாலேயே குழாயைத் திறந்தார். ஒரு டம்ளர் குடித்தார். இன்னொரு டம்ளர் பிடித்து, அதையும் குடித்தார்.

"எப்படிங்க சார்?"

"ஒண்ணுமே தெரியலை."

"ஒண்ணுமேயா?"

"ஒண்ணுமே இல்லைம்மா. தண்ணி."

குரு ஒரு கிலோ இஞ்சியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

விழாவுக்கு எட்டு நாள் இருந்தது. நாலு நாள் புளிக்க. மூன்று நாள் குளிர. ஒரு நாள் மிச்சம்.

இரண்டாம் நாள் ஷோரூமுக்குப் போன் வந்தது.

"மூடியைத் திறந்து ஒரே ஒரு தடவை பார்க்கட்டுமா?"

"வேண்டாங்க சார்."

"கையைக் கழுவிட்டுத்தான்."

"அப்பவும் வேண்டாங்க."

"நோட்டுல ஒண்ணுமே எழுதாம இருக்க ஒரு மாதிரியா இருக்கு."

"காதை வெச்சுக் கேளுங்க சார்."

போனில் மூடிமேல் காது உரசுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து சீடரின் குரல் ரகசியம் போல வந்தது.

"புசுபுசுன்னு பேசுது."

"அப்ப விட்டுருங்க."

அறுபதாம் கல்யாணம் ஊருக்கு வெளியே ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. சீடருக்குப் பட்டு வேட்டி, கழுத்தில் மாலை. சாப்பாட்டுக் கூடத்து வாசலில் ஒரு மேஜை. அதன்மேல் பீப்பாய், ஐஸ் போட்ட அண்டாவுக்குள் நின்றது. பக்கத்தில் கவிழ்த்து வைத்த கண்ணாடி டம்ளர்கள். ஒன்றில்கூடச் சொட்டு இல்லை.

தாலி கட்டி முடித்ததும் மாப்பிள்ளை நேராக மேஜைக்கு வந்தார். வரிசையில் முதல் ஆள் தண்டபாணி. சொன்னபடியே கையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் கொண்டு வந்திருந்தார். எல்லாரும் பார்க்கிற மாதிரி அதைத் தூக்கிக் காட்டினார்.

"ஊத்துய்யா மாப்பிள்ளை. முதல்ல நான் குடிக்கறேன். எனக்கு ஏதாவது ஆச்சுன்னா மத்தவங்க பிழைச்சுக்கட்டும்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பழைய மாணவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள். ருக்மணி அம்மாள் மேடையிலிருந்தே எட்டிப் பார்த்தார்.

சீடர் குழாயைத் திறந்தார். பொன் நிறத்தில் வந்தது. மேலே இரண்டு விரல் நுரை ஏறி, அப்படியே நின்றது.

தண்டபாணி முகர்ந்தார். ஒரு வாய் குடித்தார். மிச்சத்தையும் குடித்தார். பிறகு தன் பாட்டிலைத் திறந்து, தண்ணீரை வாழை மரத்தடியில் கொட்டிவிட்டு, காலிப் பாட்டிலைக் குழாயடியில் நீட்டினார்.

"ரொப்பு."

"ஆளுக்கு ஒரு டம்ளர்தான்யா. பின்னாடி நூத்திப் பத்தொன்பது பேர் நிக்கறாங்க."

"அவங்களுக்குத் தண்ணி குடு."

பந்தி முடிவதற்குள் பீப்பாய் காலி.

குரு ஷோரூமில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். சாப்பிட்டுக் கை கழுவ மண்டபத்தின் பின்பக்கம் போனாள். அங்கே தண்ணீர்க் குழாயடியில் மாப்பிள்ளை குந்தியிருந்தார். பட்டு வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். மாலையைச் சுவர் ஆணியில் மாட்டியிருந்தார். குழாயை ஆறு துண்டாகக் கழற்றி, ஒரு வாழை இலையில் வரிசையாக வைத்திருந்தார்.

தண்டபாணி பாட்டிலோடு அங்கேயும் வந்துவிட்டார்.

"யோவ், கிறுக்கா! மண்டபத்துல கழுவறதுக்கு ஆள் இருக்காங்கய்யா. போட்டோக்காரன் உன்னைத் தேடிட்டு இருக்கான். பொண்ணு தனியா நிக்குது."

"நாலு வாசர் இருக்கணும். மூணுதான் இருக்கு. நகருய்யா, காலடியில பார்க்கணும்."

தண்டபாணி நகர்ந்தார். குரு குனிந்து தேடினாள். வாசர் சாக்கடை ஓரத்தில் கிடந்தது. எடுத்துக் கழுவினாள்.

சீடர் ஒரு டம்ளரை முக்கி எடுத்து வெயிலில் கவிழ்த்துப் பிடித்தார். தண்ணீர் ஒரே படலமாக வழிந்தது. சொட்டு நிற்கவில்லை. டம்ளரை இலையில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"தண்ணியும் வந்தாச்சு. சோடாவும் வந்தாச்சு. இப்பவாவது சொல்லும்மா. உனக்கு யாரு கத்துக்குடுத்தது?"

குரு நாலாவது வாசரை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"நீங்கதாங்க சார். நான் கடைசி பெஞ்சுல பேசிட்டே இருப்பேன். தினமும் 'வெளியே போ'ன்னு அனுப்புவீங்க. வெளியே ஆரோக்கியம் அண்ணனோட தொட்டி இருந்துச்சு."