நாற்பது ஒட்டகம், ஒரே நடை

வணிகர் மாசிலாமணிக்குக் கால் தரையில் பாவவில்லை. நாற்பது ஒட்டகம், எண்பது மூட்டை கம்பு, ஒரே நடை! பாலைவனத்தின் கடைசி ஊரான மணற்குடிக்கு இதுவரை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆறே ஆறு ஒட்டகம்தான் போய்க்கொண்டிருந்தது.

கூடவே வந்தார் குரு செங்கமலம். சீடரான மாசிலாமணியைவிடப் பத்து வயது இளையவர். பாலைவழியை அவரளவு அறிந்தவர் யாருமில்லை. புது ஏற்பாடு நிலைக்குமா என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர் அவர்தான். சரியென்று அவர் சொல்லிவிட்டால், இன்றோடு பழைய ஆறு ஒட்டக நடை நின்றுவிடும்.

"சொல்லிடுங்க குருவே! இப்பவே சொல்லிடுங்க!"

"ஊர் வரட்டும் ஐயா."

"வந்துட்டுதே! அதோ!"

ஊரே ஓடி வந்தது. ஊர்த்தலைவி பவளாயி இடுப்பில் கை வைத்து வரிசையைப் பார்த்தாள்.

"என்னங்க இத்தனை பேரு? ஒட்டகத்துக்குக் கல்யாணமா?"

"ஒரு வருஷச் சாப்பாடு தாயி! ஒரே மூச்சுல!"

"அப்ப மாப்பிள்ளை வீட்டாரைத் தண்ணிக்கு விடுங்க."

மணற்குடி வழக்கம் அது. சுமை கொண்டு வந்த மிருகங்கள் எல்லாம் குடித்துத் தலை நிமிரும்வரை ஊரார் கிணற்றுக் கயிற்றைத் தொட மாட்டார்கள்.

'சர்ர்ர்ர்' என்று உறிஞ்சின ஒட்டகங்கள். மாசிலாமணி சந்தை ஏலக்காரர் குரலில் எண்ணினார்.

"பத்தோ பத்து! பதினஞ்சோ பதினஞ்சு!"

பிள்ளைகளும் அதே குரலில் கத்தினார்கள். ஒரு பொடியன் அவருடைய தொந்தியையும் சேர்த்து நடித்துக் காட்டினான். அவருக்கே சிரிப்பு தாளவில்லை.

இருபத்தெட்டாவது ஒட்டகத்துக்காக இறங்கிய வாளி 'டொக்' என்றது. சேறுதான் வந்தது. மீதிப் பதின்மூன்றும் கழுத்தை நீட்டிக் கதறின. பெண்கள் காலிக் குடங்களோடு நின்றார்கள்.

"ஊற்று ஏற எத்தனை நாளாகும்?" என்று குரு கேட்டார்.

"ஆறு ஒட்டகம் குடிச்சா மறுநாளே ஏறிடும். இது நாலஞ்சு நாளாகும்" என்றாள் பவளாயி. அவள் குரலில் கேலி போயிருந்தது.

மாசிலாமணி விடவில்லை.

"தண்ணி ஊறுறப்ப ஊறட்டும் குருவே! கம்பு வந்துச்சா இல்லையா? எண்பது மூட்டை, ஒரு பிடிகூடச் சிந்தலை! நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க!"

குரு ஒரு மூட்டையைப் பிரித்தார். இரண்டு கை கம்பை அள்ளிச் சட்டியில் போட்டுச் சீடரிடம் நீட்டினார்.

"எனக்குப் பசிக்குது ஐயா. கொஞ்சம் கூழ் காய்ச்சிக் குடுங்க. குடிச்சிட்டுச் சொல்றேன்."