ரோதை அம்மா

ஒரு ஊர்ல ஒரு அம்மா இருந்தா. அவ அம்மான்னு அந்த ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது.

அதெப்படின்னு கேக்காத. அதைத்தானே சொல்ல வாரேன். நீ கண்ணை மூடிக்கிட்டு ‘ம்’ மட்டும் கொட்டு. கொட்டலைன்னா கதை அங்கனயே நின்னுரும், பாத்துக்க.

ம்.

அந்த ஊரு பேரு கிருபைவிளை. சுத்திலும் செக்கச்செவேர்னு தேரி மணல். காத்தடிச்சா மணல் சர்ரு சர்ருன்னு ஓடும். நேத்து மேடா இருந்த இடம் இன்னைக்குப் பள்ளமா கிடக்கும். மணலுக்கு நடுவுல பனைமரம், பனைமரத்துக்கு நடுவுல இருபது இருபத்தஞ்சு வீடு, வீடுகளுக்கு நடுவுல ஒரு சின்னக் கோயில், கோயில் உச்சியில ஒரு சிலுவை. அவ்வளவுதான் ஊரு. அந்த ஊருக்குன்னு தனியா ஐயர், அதான் பாதிரியார், கிடையாது. மாசத்துக்கு ஒரு தடவை சைக்கிளைத் தேரியில தள்ளிக்கிட்டே வேர்க்க விறுவிறுக்க வருவாரு. மத்த ஞாயிறெல்லாம் உபதேசியார்தான் ஆராதனை நடத்துவாரு. ஆனா பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் மட்டும் ஐயர் கையாலதான் குடுக்கணும். அது அங்க மாத்த முடியாத வழக்கம்.

அந்த ஊர்லதான் ஜெபக்கனி இருந்தா. நடை பழகுற வயசுலயே அவளைப் பெத்தவ போய்ச் சேந்துட்டா. பெத்தவ பேரு ரோதை. அந்தப் பேரைத் தவிர அம்மைன்னு சொல்லிக்கிட ஜெபக்கனிக்கு வேற ஒண்ணும் மிச்சமில்ல. முகம்கூட ஞாபகம் இல்ல. ஜெபக்கனி புருஷன் தவசிமணி பனையேறி. நல்ல மனுஷன்தான், ஆனா வாயைத் திறக்கக் கூலி கேப்பான். காலையில மரத்துல ஏறுனா, பொழுது சாய்ஞ்சுதான் வீடு.

அப்புறம் ஒரு பங்குனி மாசம். ஜெபக்கனிக்கு எட்டு மாசம். மத்தியானம், நல்ல வெயில். ஆம்பளைங்க எல்லாம் மரத்து மேல, பொம்பளைங்க எல்லாம் தூரத்துப் பனைவிளையில பதநீர் காய்ச்சுறாங்க. ஊரே காலி. இவ ஒத்தையில ஊத்துக்குப் போயி தண்ணி கோரிக்கிட்டு வாரா. வாசல்ல கால் வைக்கயில சுளீர்னு ஒரு வலி. இடுப்புல இருந்த குடம் டமார்னு விழுந்து ஒடைஞ்சுது. தண்ணி மணல்ல விழுந்ததும் விழாததுமா சுர்ருன்னு போயிட்டுது. ஒரு சொட்டு மிச்சமில்ல.

தூங்கிட்டியா?

ம்.

தூங்கிட்டு ‘ம்’ கொட்டுறியா, சரி. அப்போ அவ சுவரைப் பிடிச்சுப் பிடிச்சு உள்ள போனா. கூப்பிட்டுப் பாத்தா. யாரைக் கூப்பிட? எல்லாரும் பிரசவ வலியில ‘அம்மா’ன்னுதான் கத்துவாங்க. அவளும் கத்துனா. வர ஆள் இல்ல. பிள்ளை தானாவே பிறந்துச்சு. பொம்பளைப் பிள்ளை. உள்ளங்கையில அடங்குற மாதிரி அவ்வளவு சின்னது. ‘ங்ஙே’ன்னு ஒரே ஒரு தடவை அழுதுச்சு. அப்புறம் மூச்சு விட்டு விட்டு வாங்குது.

ஜெபக்கனிக்குப் புரிஞ்சு போச்சு. இந்தப் பிள்ளை தங்காது. ஐயர் வர இன்னும் பத்து நாள் கிடக்கு. பேரில்லாமப் போயிருமே பிள்ளை, அதான் அவளுக்கு அப்போ இருந்த ஒரே நினைப்பு. தண்ணியைத் தேடுனா. குடம்தான் ஒடைஞ்சு போச்சே. அடுப்படியில தவசிமணி காலையில இறக்கி வச்சிட்டுப் போன கலயம் ஒண்ணு இருந்துச்சு. அதுல பதநீர்.

அவ என்ன செஞ்சா தெரியுமா? உள்ளங்கையில பதநீரை ஏந்துனா. பிள்ளை நெத்தியில மூணு தடவை விட்டா. பிதா பேருக்கு ஒண்ணு, குமாரன் பேருக்கு ஒண்ணு, பரிசுத்த ஆவி பேருக்கு ஒண்ணு. ‘ரோதை’ன்னு தன் அம்மை பேரையே வச்சா.

ஒரு தாச்சிச் சட்டி பதநீர் கொதிச்சு அடங்குற நேரம் உசிரோட இருந்துச்சு அந்தப் பிள்ளை. அப்புறம் இல்ல.

சாயங்காலம் தவசிமணி வந்தான். ஊரு கூடுச்சு. உபதேசியார் கேட்டாரு, “ஞானஸ்நானம் ஆகாத பிள்ளைதானே?” ஜெபக்கனி ஒண்ணும் சொல்லல. கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளிய, ஒரு வடலிப் பனைக்குக் கீழ வச்சு மூடிட்டு வந்துட்டாங்க.

ஏன் சொல்லல, வாயில என்ன கொழுக்கட்டையான்னு கேப்ப. பயம் மக்கா. பிள்ளை பெத்த பொம்பளை நாப்பது நாளைக்குக் கோயில் வாசப்படியே மிதிக்கக்கூடாதுன்னு சொல்ற ஊரு அது. அங்க ஒருத்தி ஐயர் செய்ய வேண்டிய வேலையைத் தானே செஞ்சுட்டா. அதுவும் பதநீரை வச்சு. சபையை விட்டுத் தள்ளி வச்சாலும் வைப்பாங்க. அதைக்கூட அவ தாங்கிக்கிடுவா. ‘அது செல்லாது, அந்தப் பேரும் பேரில்ல’ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா? சொல்லாம வச்சிருக்கிற வரைக்கும் பிள்ளைக்கு ஒரு பேராவது இருக்கு. சொல்லப் போயி அதுவும் போயிட்டா அவகிட்ட என்ன இருக்கு, சொல்லு.

ம்.

ஒண்ணுமில்ல. கூப்பிட ஒரு அம்மையும் இல்ல, அம்மான்னு கூப்பிட ஒரு பிள்ளையும் இல்ல. வாசல்ல உக்காந்து மணல் ஓடுறதைப் பாத்துக்கிட்டே இருப்பா.

அப்புறம் வைகாசி வந்துச்சு. வைகாசியில அந்த ஊர்ல தாய்மார் ஞாயிறு கொண்டாடுவாங்க. பிள்ளை பெத்துட்டா அங்க பொம்பளைக்குச் சொந்தப் பேரே கிடையாது. மூத்த பிள்ளை பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. ஞானஸ்நானம் ஆகாம, பேரில்லாமப் போன பிள்ளை அங்க கணக்குலயே சேராது. அன்னைக்கு ஐயர் ஞானஸ்நானப் புஸ்தகத்தைத் திறந்து வச்சுக்கிட்டு வாசிப்பாரு. “பாக்கியநாதன் அம்மா.” “எப்சிபாள் அம்மா.” ஒவ்வொருத்தியா எந்திரிச்சுப் பீடத்துக்கு முன்னால போவா. அங்க ஓலைக்கொட்டான்ல கருப்பட்டி வச்சிருப்பாங்க. அவ பிள்ளை அதை எடுத்து அவ கையில குடுக்கணும். ஐயர் தலையில கை வச்சு ஜெபம் பண்ணுவாரு. ஜெபக்கனி பாயில தனியா உக்காந்திருப்பா. சுத்தி இருக்கிற பொம்பளைங்க எல்லாம் எந்திரிச்சுப் போனப்புறம் பாயில அவளும் அவங்க வச்சிட்டுப் போன துண்டு துணியும்தான் இருக்கும்.

முதல் வருஷம் அவளால தாங்க முடியல. உபதேசியாரைத் தேடிப் போனா. “அண்ணாச்சி, ஒண்ணு சொல்லணும்”னா. அவரு பாவம், நல்லவரு. “ஒண்ணும் சொல்லாத தாயி, எனக்குத் தெரியாதா? அடுத்த வைகாசிக்குள்ள ஆண்டவர் உனக்கும் ஒரு பிள்ளையைக் குடுப்பாரு”ன்னு கண்ணு கலங்கச் சொன்னாரு. அவ்வளவு அன்பாப் பேசுற மனுஷன்கிட்ட அதுக்கு மேல என்னத்தைச் சொல்ல? திரும்பி வந்துட்டா.

ரெண்டாவது வருஷம். எல்லாரும் வாங்கி முடிச்சப்புறம் ஒரு கொட்டான் மிஞ்சிப் போச்சு. எப்சிபாள் அம்மா அதை எடுத்துட்டு வந்து இவ மடியில வச்சா. “பிள்ளை இல்லாதவ மனசும் சந்தோசப்படட்டும்.” ஜெபக்கனி சொன்னா, “எனக்குப் பிள்ளை இல்லைன்னு யாரு மைனி சொன்னா?” அந்தப் பக்கம் இருந்தவளுங்க ஒருத்தியை ஒருத்தி பாத்துக்கிட்டாளுங்க. “பாவம், புத்தி கலங்கிப் போச்சு”ன்னு குசுகுசுன்னு பேச்சு. பேசுனவளுங்க வாயில தேரி மணலைத்தான் போடணும். அவ கொட்டானைக் கொண்டுபோய் ஆட்டுக்குட்டிக்கு வச்சா. அது கருப்பட்டியை விட்டுட்டு ஓலையை நறுக் நறுக்குன்னு தின்னுச்சு.

சிரிக்கியா? சிரி.

மூணாவது வருஷம் வந்துச்சு. ஐயர் சனிக்கிழமையே வந்து கோயில் திண்டுல உக்காந்து செருப்புக்குள்ள போன மணலைத் தட்டிக்கிட்டிருந்தாரு. புது ஐயர். வயசு கொஞ்சம்தான். ஜெபக்கனி போய் நின்னா. இந்தத் தடவை அவரு வாயைத் திறக்க முன்னால இவ சொல்ல ஆரம்பிச்சுட்டா. குடம் ஒடைஞ்சதுல இருந்து பேரு வச்சது வரைக்கும், மூச்சு விடாம.

ஐயர் கேட்டாரு, “பதநீராம்மா?”

“ஆமாய்யா.”

“தண்ணின்னுதானேம்மா முறைமையில இருக்கு.”

“தண்ணி இல்லைய்யா.”

அவரு குனிஞ்சு திரும்பவும் செருப்பைத் தட்டுனாரு. காத்து மட்டும் உய்ய்ய்னு அடிக்குது. அவ்வளவுதான், போச்சு, நானே என் பிள்ளை பேரைப் பிடுங்கிப் போட்டுட்டேன்னு நினைச்சா ஜெபக்கனி. அப்போ அவரு மெல்லக் கேட்டாரு, “ஊத்துனப்போ பிள்ளை அழுதாளா?”

“இல்லைய்யா. நெத்தியில விட்டது மூக்கு வழியா வழிஞ்சு உதட்டுல வந்துச்சு. நாக்கை நீட்டி நக்குனா. இனிப்பா இருந்திருக்கும்.”

ஐயர் முகத்தைத் திருப்பிக்கிட்டாரு. அப்புறம் உள்ள போயி புஸ்தகத்தை எடுத்துட்டு வந்தாரு. பேனாவைத் திறந்து என்னமோ எழுதுனாரு. “நாளைக்குக் கோயிலுக்கு வாம்மா”ன்னு மட்டும் சொன்னாரு.

ஜெபக்கனிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. பேரைச் சேத்தாரா, செல்லாதுன்னு எழுதுனாரான்னு தெரியாமலே வீட்டுக்குப் போனா. உனக்கு மட்டும் சொல்றேன், அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு. பிள்ளை பேரு: ரோதை. தகப்பன்: தவசிமணி. தாய்: ஜெபக்கனி. ஞானஸ்நானம் கொடுத்தவர்னு ஒரு கட்டம் இருக்கும், எப்பவும் ஐயர் பேரு எழுதுற கட்டம். அதுல ‘தாய்’னு எழுதியிருந்தாரு.

ம்.

மறுநா ஞாயிறு. டங் டங்னு மணி அடிச்சுது. கோயில் நிறைஞ்சு போச்சு. ஐயர் வாசிக்காரு. “பாக்கியநாதன் அம்மா.” போனா. “எப்சிபாள் அம்மா.” போனா, இடுப்புல ஒண்ணு, கையில ஒண்ணு. அப்படியே ஒவ்வொருத்தியாப் போறா. பாயில இவ மட்டும்.

அப்போ ஐயர் வாசிச்சாரு, “ரோதை அம்மா.”

யாரும் எந்திரிக்கல. எந்த ரோதை, யாரு வீட்டுப் பிள்ளைன்னு கோயில் முழுக்கத் தலை திரும்புது. ஜெபக்கனியும் திரும்பிப் பாத்தா, யாரு அந்த ரோதை அம்மான்னு. அவளை யாரும் அப்படிக் கூப்பிட்டதே இல்லையே, அவளுக்கு எப்படித் தெரியும்?

ஆம்பளைங்க பக்கத்துல தவசிமணி உக்காந்திருந்தான். ரோதைங்கிறது மாமியார் பேருன்னு அவனுக்குத் தெரியும்லா. அந்த வாயில்லாத மனுஷன் கோயில் நடுவுல எந்திரிச்சு நின்னான்.

“உன்னைத்தான். போ, ரோதை அம்மா.”

அவ எந்திரிச்சா. முன்னால போயி நின்னா. கொட்டானை எடுத்துக் குடுக்க அவளுக்குப் பிள்ளை இல்ல. கொஞ்ச நேரம் காத்துக்கிட்டு நின்னா. அப்புறம் அவளே குனிஞ்சு எடுத்துக்கிட்டா. ஐயர் அவ தலையில கை வச்சாரு. எப்சிபாள் அம்மா முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டா.

அன்னையில இருந்து ஊரே ரோதை அம்மா, ரோதை அம்மான்னுதான் கூப்பிட்டுது. ஊரே கூப்பிட்டாலும் கூப்பிட வேண்டியவ கூப்பிடலையே மக்கா. அது அவளுக்குக் கடைசி வரைக்கும் வலிச்சுது. அதை நான் பொய் சொல்ல மாட்டேன்.

அன்னைக்கு ரெண்டு பேரும் வீட்டுக்கு வந்தாங்க. வீடு வெறிச்சுன்னு கிடந்துச்சு. அவ கஞ்சி ஊத்தி வச்சா. தவசிமணி கஞ்சியைத் தொடல. இத்தனை நாளும் அந்தப் பிள்ளையைப் பத்தி ஒரு வார்த்தை பேசாத மனுஷன். அவன் வந்து பாக்கும்போது துணி சுத்தித்தானே கிடந்துச்சு, உசிரோட பாக்கவே இல்லையே. தலையைக் குனிஞ்சுக்கிட்டே கேட்டான்.

“ரோதை எப்படி இருந்தா?”

அவ பக்கத்துல உக்காந்தா. “உங்க மூக்கு”ன்னு ஆரம்பிச்சு சொல்லுதா, சொல்லுதா, சொல்லிக்கிட்டே இருக்கா.

அவ இன்னும் முடிக்கல. நான் முடிச்சுட்டேன். கை ரெண்டையும் உள்ள வச்சுக்க, போர்வையை இழுத்து விடுறேன். தூங்கு.