நாளை மன்னரும் நாலாயிரம் பாட்டும்

வேங்கைக்கோட்டை மன்னர் திருமலைக்கொழுந்துக்கு வாள் வீசத் தெரியும். யானை ஏறத் தெரியும். ‘இன்றைக்கு’ என்று சொல்ல மட்டும் தெரியாது. எதைக் கேட்டாலும் வாயைக் குகைபோலத் திறந்து ஒரு கொட்டாவி விடுவார். அந்தக் கொட்டாவியின் வாலைப் பிடித்துக்கொண்டு பதில் வரும்: “ஆ...வ்வ்... நாளைக்குப் பார்க்கலாம்ம்ம்.”

சித்திரையில் பெரிய ஏரியின் கரை விரிசல் விட்டது. அடைக்க ஆட்கள் தயார். உத்தரவு ஓலையும் தயார். மன்னரின் முத்திரைதான் பாக்கி. வைகாசி போச்சு. ஆனி, ஆடி போச்சு. ஆவணியும் பாதி போச்சு. முத்திரை மட்டும் நாளைக்கு!

அவையில் வேடிக்கை பேசும் உத்தியோகம் பார்த்த கூத்தையனுக்கு இது சொந்த வீட்டுக் கவலை. அவன் அக்கா பேச்சியின் வீடு அந்தக் கரைக்கு நேர் கீழே.

“டேய் கூத்தா, அரண்மனையில எல்லாரையும் சிரிக்க வைக்கிறியாமே!” என்று அக்கா கரண்டியை ஆட்டினாள். “ஐப்பசி மழையில ஏரி என் அடுப்பங்கரைக்கு வந்து சிரிக்கப் போகுது. அஞ்சு புள்ளைங்களை இடுப்புல வெச்சுக்கிட்டு நான் எந்த மரத்துல ஏறுவேன்? உன் ராசாவை ஒரு முத்திரை குத்த வைக்கலைன்னா, இனிமே இந்த வீட்டுல உனக்குப் பணியாரம் கிடையாது, ஆமா!”

கூத்தையன் மூன்று நாள் மன்னரின் நிழலாகத் திரிந்தான். அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. மன்னர் சோம்பேறியே இல்லை! ஏரி ஓலையை நீட்டினால் போதும், புயலாகிவிடுகிறார். “இரு, இரு! புறாக்களுக்குப் பெயர் வைக்கவில்லை” என்று ஓடி, நூற்றெட்டுப் புறாவுக்கும் பெயர் வைத்துவிட்டு வருகிறார். மறுபடி நீட்டினால், வாள்களை எல்லாம் தானே துடைத்து உயர வரிசையில் அடுக்குகிறார்.

ஏன் இந்த ஓட்டம்? கரைக்கு வேண்டிய களிமண் மகாராணியின் மாந்தோப்பில்தான் இருந்தது. “உன் தோப்பைத் தோண்டப் போகிறேன்” என்று ராணியிடம் சொல்லவேண்டுமே! நினைத்தாலே மன்னருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

‘அடடே, ஓடுகிற மனிதரை ஏன் நிறுத்தவேண்டும்?’ என்று கூத்தையன் தொடையில் தட்டிக்கொண்டான். ‘அவரை ஏரிப் பக்கமாகத் துரத்தினால் போச்சு!’

மறுநாள் அவைக்குக் காளத்திப் புலவரை இழுத்துவந்தான். பன்னிரண்டு வருஷமாக நாலாயிரம் பாட்டில் காப்பியம் எழுதுவதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர். அவர் தலையில் பட்டுத்துணி சுற்றிய ஏட்டுக்கட்டு. ஏனோ புலவருக்கு ஆறாக வியர்த்தது.

“மன்னா, அரங்கேற்றம்!” என்றான் கூத்தையன்.

மன்னரின் கொட்டாவி பாதியில் நின்றது. அந்த நாட்டு வழக்கம் அப்படி. காப்பியத்தின் முதல் பாட்டைத் தொடங்கிவிட்டால், கடைசிப் பாட்டு வரை மன்னர் ஆசனத்தைவிட்டு எழக்கூடாது. புலவர் களைத்துத் தூங்கினால், மன்னரும் உட்கார்ந்தபடியே தூங்கவேண்டியதுதான்.

“நாளைக்குப் பார்...” என்று தொடங்கினார் மன்னர்.

“நாளை ஆரம்பித்தால் இன்னும் விசேஷம், மன்னா. ஒவ்வொரு பாட்டுக்கும் உரையும் சேர்த்துச் சொல்வாராம்!”

மன்னர் துள்ளி எழுந்தார். “அரங்கேற்றமா? இப்போதா? அரச காரியம் மலைபோல் கிடக்கிறது! எங்கே அந்த ஏரி ஓலை? ராணியைக் கூப்பிடுங்கள், உடனே!”

மகாராணி வந்தாள். மன்னர் கண்களை இறுக மூடிக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னார்: “ஏரிக்கரைக்கு உன் தோப்பில் மண் எடுக்கவேண்டும்.”

“இவ்வளவுதானா? எடுத்துக்கங்க” என்றாள் ராணி. “கீழ்ப்பக்க மரமெல்லாம் பட்டுப்போய் ரெண்டு வருஷம் ஆச்சு. நீங்க தோப்புப் பக்கம் எட்டிப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். இதைச் சொல்லவா நாலு மாசம் என் முகத்தைப் பார்க்காம சாப்பிட்டீங்க?”

டக்! முத்திரை விழுந்தது. ஓலையோடு குதிரை பறந்தது. கூத்தையனுக்குப் பணியார வாசனையே வந்துவிட்டது.

மன்னர் விடவில்லை. புலவரை ஓரக்கண்ணால் பார்ப்பார், இன்னோர் ஓலையை எடுப்பார். டக்! மறுபடி பார்ப்பார். டக்! மாலைக்குள் ஒரு வருஷத்து ஓலைக்கூடை காலி. அடியைத் தடவிப் பார்த்தார். தூசிதான் வந்தது.

“சரி, இனித் தப்ப வழியில்லை” என்று பெருமூச்சு விட்டார். “புலவரே, ஆரம்பியும்.”

புலவர் மெல்லக் கட்டைப் பிரித்தார். முதல் ஏட்டில் ஒரு பிள்ளையார் சுழி. இரண்டாவது ஏடு வெறுமை. மூன்றாவதும் வெறுமை. கட்டு முழுக்க அப்படியே!

“ந... நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தேன், மன்னா. நாளைக்கு...”

கூத்தையனே வாய் பிளந்தான். மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்தார். கூத்தையனைப் பார்த்தார். காலி ஓலைக்கூடையைப் பார்த்தார். எல்லாம் விளங்கிவிட்டது.

“அடேய் திருட்டுப் பயலே! பொய்ப் புலியைக் காட்டியா என்னை ஓட வைத்தாய்?”

“எனக்கும் இது நிஜப் புலி என்றுதான் நினைப்பு, மன்னா!”

“இரு, நானும் ஒரு புலியை விடுகிறேன்” என்ற மன்னர் புலவரிடம் திரும்பினார். “புலவரே, ஏரிக்கரைக்கு ஆள் போதவில்லை. விடிந்ததும் வந்து மண் சுமக்கவேண்டும்.”

“மண்ணா? ஐயோ, காப்பியம் இருக்கிறதே மன்னா!” என்று அலறிய புலவர், அவை எழுத்தரின் எழுத்தாணியைப் பிடுங்கிக்கொண்டு தூண் ஓரம் உட்கார்ந்தார். சரசரவென்று பத்துப் பாட்டு ஏட்டில் இறங்கிவிட்டது!

ஐப்பசியில் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. கரை அசையவில்லை. பேச்சி வீட்டு அடுப்பு அணையவில்லை. மன்னர் கூத்தையனுக்கு முத்துமாலை போட்டார்.

“இன்னொரு பரிசும் உண்டு” என்று கண் சிமிட்டினார். “புலவர் நாலாயிரத்தையும் முடித்துவிட்டார். எனக்குப் பதிலாக ஆசனத்தில் உட்கார்ந்து நீதான் கேட்கப்போகிறாய். எப்போது வைத்துக்கொள்ளலாம்?”

கூத்தையன் வாயைக் குகைபோலத் திறந்தான்.

“ஆ...வ்வ்... நாளைக்குப் பார்க்கலாம்ம்ம், மன்னா!”