சரசு பேர் வரும்வரை கும்மி

நாளெல்லாம் உட்கார்ந்தே தைத்த சரசு, பனியன் கம்பெனியிலேயே நெஞ்சடைத்துச் செத்தாள். அடிக்கடி எழுந்து உடம்பை அசைக்கச் சொன்ன டாக்டர் பேச்சைக் கேட்டு, மற்ற பெண்கள் டீ வேளையில் கும்மி கொட்டினார்கள். நாற்காலியை விட்டு எழாத மேனேஜர் தனசேகருக்கு அது கண்ணை உறுத்தியது.

"கும்மியால நெஞ்சுக்கு என்னடி நல்லது? இப்பவே நிரூபி, இல்லேன்னா எல்லாரும் வெளியே போங்க!"

"நீங்களும் வாங்க சார்," என்றாள் கும்மிக்குப் பாட்டெடுக்கும் மயிலாத்தாள். "ஆனா வட்டத்துல நுழைஞ்சா, பாட்டு முடியாம விலகக் கூடாதுங்க."

இளித்தபடி நுழைந்தார். மயிலாத்தாள் ஆளுக்கொரு அடியாக, ஒவ்வொருத்தி பேரையும் வைத்துப் பாடினாள். குனிந்து நிமிர்ந்ததில் தனசேகருக்கு மூச்சு வாங்கியது.

"நிறுத்துடி! நெஞ்சு படபடங்குது, நான் உட்காரணும்!"

"நெஞ்சு அடைக்குது, எந்திரிச்சுக்கறேன்னு சரசு கெஞ்சினப்ப, உட்கார்ந்து தைன்னீங்க. பாட்டுல அவ பேரு இன்னும் வரலீங்க. கொட்டுங்க சார்!"