எழுபத்திரண்டு ஊரும் ஒரு பானைக் கஞ்சியும்

முன்னொரு காலத்தில் செம்பொழில் தேசத்தை இளவழுதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் கடைசியாகப் பேசியவர் சொல்தான் அவர் காதில் நிற்கும்.

அவருடைய பாட்டனார் ஒரு வழக்கம் ஏற்படுத்தியிருந்தார். அரண்மனையிலிருந்து சீமைதோறும் நெல் போகும். பள்ளிக்கூடங்களில் மதியம் கஞ்சி காய்ச்சுவார்கள். இளவரசனும் அந்தப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்துதான் குடிக்க வேண்டும். ஆஹா, அது ஒரு காலம்! மணி அடித்ததும் கொட்டாங்கச்சியோடு ஓடுகிற ஓட்டம் இருக்கிறதே, சொல்லும்போதே எனக்கு நாக்கில் நீர் ஊறுகிறது.

மந்திரி சேந்தன் அந்தப் பந்தியில் ராஜாவின் பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்தவர். அந்தச் சிநேகத்தைக் கண்டாலே பொக்கிஷதாரர் திருவேங்கடத்துக்கு வயிறு எரியும்.

"மகாராஜா, இந்தக் கஞ்சியால் பொக்கிஷம் கரைகிறது. கஞ்சி நெல்லை நிறுத்திவிடலாம். அந்தந்தச் சீமைக்காரர்களே பார்த்துக்கொள்ளட்டும்" என்றார் அவர்.

ராஜா வெற்றிலையை மென்றபடியே தலையாட்டிவிட்டார்.

மூன்று மாதம் கழித்து, குழைக்காதர் என்ற வாத்தியார் சபைக்கு வந்தார்.

"மகாராஜா, வெள்ளிக்கிழமையோடு பள்ளிக்கூடத்தை மூடுகிறேன். பிள்ளைகளைப் பட்டினி போட எங்கள் சீமை அதிகாரிக்கு மனசு வரவில்லை. வாத்தியார்களுக்குச் சம்பளமாக அளக்கிற நெல்லை எடுத்துக் கஞ்சி காய்ச்சினார். நாலு வாத்தியாரில் மூன்று பேர் வேறு பிழைப்புத் தேடிப் போய்விட்டார்கள். இப்போது அந்த நெல்லும் தீர்ந்தது. பிள்ளைகள் சுருண்டு படுத்திருக்கிறார்கள். பாடம் ஏறவில்லை."

திருவேங்கடம் சிரித்தார். "பாடம் மண்டைக்குள் போவது, கஞ்சி வயிற்றுக்குள் போவது. இரண்டுக்கும் என்ன ஐயா சம்பந்தம்?"

சேந்தன் எழுந்தார். "நம் தேசத்தின் எழுபத்திரண்டு ஊர்ப் பெயரையும் மூச்சுவிடாமல் சொல்வீர்களே! நாளைக்குக் காலையில் எதுவும் சாப்பிடாமல் வந்து, மதியம் சபையில் சொல்லுங்கள். தடுமாறாமல் சொன்னால் பள்ளிக்கூடத்தை நானே பூட்டிவிட்டு, மந்திரி பதவியையும் விட்டுப் போகிறேன்."

"பெட்டி படுக்கையைக் கட்டிக்கொள்ளும்!" என்றார் திருவேங்கடம்.

மறுநாள் உச்சிப்பொழுது. சபைக்குப் பின்கட்டில் சேந்தன் ஒரு பானைக் கஞ்சியைக் கொதிக்க வைத்து, சின்ன வெங்காயமும் மோர்மிளகாயும் வறுக்கச் சொல்லியிருந்தார். வாசனை மெல்ல உள்ளே நுழைந்தது.

"மாமரத்தூர், வேங்கைப்பட்டி, பனங்குளம்..." திருவேங்கடம் ஜோராகத்தான் ஆரம்பித்தார். பதினெட்டாவது ஊரில் குரல் கம்மியது. "நாவற்குடி... கரும்பூர்... மோர்மிளகாய்..."

சபையே குலுங்கிச் சிரித்தது. ராஜா மட்டும் சிரிக்கவில்லை. அந்த வாசனை அவரை எங்கோ கொண்டுபோயிருந்தது.

"சேந்தா, நம் பள்ளிக்கூடத்தில் உன் வெங்காயத்தை எனக்குக் கொடுப்பாயே, ஞாபகமிருக்கிறதா?"

"எங்கே கொடுத்தேன், மகாராஜா? நீங்கள்தான் பிடுங்கினீர்கள்."

ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அந்தப் பந்தியையா நான் கலைத்தேன்!" என்றவர் நிமிர்ந்தார். "இன்றே நெல் போகட்டும். போன வாத்தியார்களைத் திரும்பக் கூப்பிடுங்கள். திருவேங்கடம், நீர் எழுபத்திரண்டு ஊருக்கும் போய், ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் பிள்ளைகளோடு உட்கார்ந்து கஞ்சி குடித்துவிட்டு வாரும். அப்புறம் ஒரு பெயரும் மறக்காது."

வெள்ளிக்கிழமை குழைக்காதரின் பள்ளிக்கூடத்தில் மணி அடித்தது. பந்தியில் ராஜாவும் சேந்தனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ராஜா தம் வெங்காயம் முழுவதையும் எடுத்துச் சேந்தனின் இலையில் வைத்தார்.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒன்றை மட்டும் திரும்பப் பிடுங்கிக்கொண்டார்.