பீரியடுக்கு ஒரு பாடம்

பாடங்களைக் குறைக்கச் சொல்லி ஆசிரியர்கள் கேட்டதும், பாடத்திட்டக் குழுத் தலைவர் தணிகாசலம் மேசையைத் தட்டினார். "நாலாம் வகுப்பு அறிவியலில் ஒன்றைக்கூடத் தொட மாட்டேன். பீரியடுக்கு ஒரு பாடம். முடிக்காதவர் சோம்பேறி!"

குழுவே தலையாட்டியது. கடைசி நாற்காலியில் இருந்த மலைக்கிராமத்துப் புஷ்பலீலா டீச்சர் மட்டும் எழுந்தார். "ஐயா ஒரு பீரியடு எடுத்துக் காட்டினா, நாங்களும் பார்த்துக் கத்துக்குவோம்."

தலைவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மறுநாளே பக்கத்துப் பள்ளியில் வகுப்பு, பின்வரிசையில் குழு. ஆட்களைக் கண்டதும் மேடைப் பழக்கம் விடுமா? ஒவ்வொருவரையும் பட்டம் பதவியோடு விளித்து, வாழ்த்தி, வாய்ப்புக்கு நன்றி கூறி, அவர் சாக்பீஸை எடுத்தபோது மணி அடித்தது. பிள்ளைகள் தட்டோடு சத்துணவுக்கு ஓடினார்கள்.

"இன்னும் பாடமே ஆரம்பிக்கலையே!"

"எங்களுக்கும் அப்படித்தாங்க ஐயா," என்றார் புஷ்பலீலா. "வருகைப்பதிவு எடுத்து, சண்டையைத் தீர்த்து, அழுறவனைத் தேத்தி நிமிர்றதுக்குள்ள மணி அடிச்சிடுது."

தலைவர் கையிலிருந்த சாக்பீஸைப் பார்த்தார், வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பாடங்கள் பாதியாயின.

புதிய பாடப்புத்தக வெளியீட்டு விழாவில் அவர் மைக்கைப் பிடித்ததும், நெடுநேரம் ஆகும் என்று கூட்டம் சாய்ந்து உட்கார்ந்தது. அவரோ, "புஷ்பலீலா டீச்சருக்கு நன்றி," என்று மட்டும் சொல்லி அமர்ந்துவிட்டார்.

கைதட்டல்தான் நீண்டுகொண்டே போனது.